வித் போட்டுச் சொன்னது

விமானம் தலைக்கு மேலே போகும்போது பாடத்தை நிறுத்திவிடுவது எங்கள் வகுப்பின் வழக்கம். வில்லாபுரத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, நாலு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் வைத்து நான் நடத்துவதுதான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அவனியாபுரம் பக்கம் இறங்குகிற விமானம் கூரையை உரசுவதுபோல வரும். தகரம் அதிரும். நான் பாதி வாக்கியத்தில் வாயை மூடுவேன், எதிரே இருப்பவர்கள் பாதி எழுத்தில் பேனாவை நிறுத்துவார்கள். அன்று மாலை பலகையில் ‘வித்’ என்று எழுதிவிட்டு, “ஐ லிவ் வித்” என்பது வரை சொல்லியிருந்தேன். விமானம் வந்துவிட்டது. யாரோடு வாழ்கிறேன் என்பதைச் சொல்ல முடியாமல் கையில் சாக்பீஸோடு நின்றேன். சத்தம் அடங்கிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் என் மனைவி சூடாமணி உட்கார்ந்திருந்தாள்.

சூடாமணி மாடிக்கு வருவது வற்றல் காயப் போடுவதற்கும், அதைக் காக்காய் கொண்டுபோகாமல் நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்வதற்கும்தான். வகுப்பு நடக்கும்போது வந்ததே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன், கீழே அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு என்று இருந்துவிட்டேன்.

“எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றாள்.

“எத?”

“இங்கிலீஷத்தான். வேற என்ன தெரியும் உங்களுக்கு? ஸ்வப்னா போன் பண்ணுனா. விசா ஏஜெண்டு தேதி வாங்கிட்டாராம். அடுத்த மாசம் சென்னையில இன்டர்வியூ.”

முன் பெஞ்சில் இருந்த அழகுபாண்டி திரும்பிப் பார்த்து எழுந்தே விட்டான். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏர்போர்ட் சவாரி பிடிக்க இங்கிலீஷ் வேண்டும் என்று வந்து சேர்ந்தவன். “அக்கா, அங்கன காத்து வராது. இங்கிட்டு ஃபேனுக்கு கீழ வாங்க” என்றான்.

“இருக்கட்டும்யா. பள்ளிக்கூடத்துலயும் நான் கடைசி பெஞ்சுதான்.”

என் பெயர் ராஜகுரு. ராஜா இல்லை என்பது தெருவுக்கே தெரியும். குருதானா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். வீட்டில் எங்கள் பாஷை, தெருவில் தமிழ், வயிற்றுப்பாட்டுக்கு இங்கிலீஷ் என்று எனக்கு மூன்று. இதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நானும் சூடாமணியும் சண்டையை மட்டும் தமிழில் போடுவோம். புதிதாகக் கல்யாணமான காலத்தில் ஒருநாள் எங்கள் பாஷையில் திட்டிக்கொண்டபோது, பக்கத்து வீட்டு முருகம்மாள் ஏதோ கொஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்திவிட்டாள். சூடாமணிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சண்டை போட்டால் அதற்கு நாலு பேர் காதில் மரியாதை இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தமிழுக்கு மாறினாள். நானும் மாறினேன். பிறகு அதுவே பழகிவிட்டது. அவள் வாயிலிருந்து “இங்க பாருங்க” என்று தமிழ் வந்தால், குழம்பில் உப்பு பற்றியோ குழாயை நான் சரியாக மூடாதது பற்றியோ விசாரணை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் ஒரே மகள் ஸ்வப்னா கல்யாணமாகி டல்லாஸில் இருக்கிறாள். இது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். அவளால் இங்கே வர முடியவில்லை என்பதால் தாய் வீடே விமானம் ஏறி அங்கே போவதாக முடிவானது. தாய் வீடு என்றால் சூடாமணி மட்டும். ஆறு மாதம். என்னையும் கூப்பிடலாமே என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இன்னொரு கைக்குழந்தை எதற்கு அப்பா என்று மகள் கேட்டாள். நல்ல ஜோக். என்னிடமிருந்து படித்ததுதான்.

ஆக சூடாமணிக்கு அமெரிக்க விசா கிடைக்க வேண்டும். எனக்கும் அதே எண்ணம்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ராத்திரி படுக்கும்போது மட்டும், அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு அன்றைக்கு வயிறு சரியில்லாமல் போகக்கூடாதா என்று தோன்றும். தோன்றியதும் புரண்டு படுத்துக்கொள்வேன்.

அந்த ஒரு மாதமும் வகுப்பில் ‘வித்’தான் ஓடியது. அதிகாரிகள் யாரோடு இருக்கிறாய், யாரோடு தங்குவாய், யாரோடு போகிறாய் என்றுதான் குடைவார்கள் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். பலகை நிறைய எழுதினேன். அம்மாவோடு போனேன், வித். கத்தியால் வெட்டினேன், அதற்கும் வித். சர்க்கரை போட்ட காபி, வித். காய்ச்சலில் படுத்திருக்கிறான், வித். தம்பியோடு சண்டை போட்டேன், வித். சரண்யாதேவி என்று ஒரு பெண், வில்லாபுரத்திலேயே பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “என்ன சார், கூட இருக்கிறதுக்கும் வித்து, வெட்டுறதுக்கும் வித்தா?” கூட இருப்பவர்களைத்தானே அம்மா வெட்ட முடியும், தூரத்தில் இருப்பவனை எப்படி வெட்டுவது என்றேன். வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சு சிரிக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கே அந்தச் சின்ன வார்த்தை புதிதாகத் தெரிய ஆரம்பித்தது. தமிழிலும் சரி, எங்கள் பாஷையிலும் சரி, ஆள் முதலில் வந்துவிடுகிறார். அவளோடு, அவனோடு என்று ஆள் நின்ற பிறகுதான் பின்னால் போய் ஒட்டிக்கொள்ள முடிகிறது. இங்கிலீஷில் வித் முன்னாலேயே வந்து வாசலில் நின்றுவிடுகிறது, யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே. ஐ லிவ் வித் என்று சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு விமானம் போகும் நேரம் வரைக்கும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அவ்வளவு சுகமான இடம் இல்லை. அதைவிட மோசம் வித்தவுட். இல்லாமல் என்பதைச் சொல்வதற்கும் அந்த ‘வித்’தையே முன்னால் நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் வகுப்பில் சொல்லவில்லை. அழகுபாண்டிக்கு டிராப் எவ்வளவு, லக்கேஜ் எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஒத்திகைக்கு நானே அதிகாரி ஆனேன். கழுத்தில் துண்டை டை மாதிரி சுற்றிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்காருவேன். அவள் எதிரே நிற்க வேண்டும். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்பதெல்லாம் நன்றாகவே சொன்னாள். “டு பி வித் மை டாட்டர்” என்பதைச் சொல்லும்போது முகமே வேறாகிவிடும். சிக்கல் கடைசிக் கேள்வியில்தான். நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன நிச்சயம்? அங்கேயே தங்கிவிட மாட்டாய் என்று நான் எப்படி நம்புவது? இதில்தான் நிறையப் பேருக்கு விசா போகிறது என்று ஏஜெண்டு பயமுறுத்தியிருந்தார். நான் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். மை ஹஸ்பண்ட் கேனாட் லிவ் வித்தவுட் மீ.

“என்ன அர்த்தம்?” என்றாள்.

சொன்னேன். என் வீட்டுக்காரரால் நான் இல்லாமல் இருக்க முடியாது.

மாடியில் எல்லார் முன்னாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தமிழுக்கு வந்தாள். “இங்க பாருங்க. அத நீங்க எழுதிக் குடுத்து நான் போயி சொல்லணுமா? இத்தன வருசத்துல நீங்க என்கிட்ட ஒருநாள் சொல்லிருக்கீங்களா? ஒரு ஜோக்காவாச்சும்?”

“சரி, அப்ப இதச் சொல்லு. மை ரூட்ஸ் ஆர் இன் மதுரை. என் வேர் மதுரையில இருக்கு.”

“வேரா? நான் என்ன வெண்டிச் செடியா?”

அழகுபாண்டி நோட்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் பெரிய அதிகாரி மாதிரி, “ரிஜெக்டட்” என்று மேஜையைத் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “எதையும் ஒழுங்காப் பேச மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கேள்விக்குக் கடைசி வரை பதில் தயாராகவில்லை.

இன்டர்வியூவுக்கு எங்களோடு அதே ஏஜெண்டு மூலம் மனுப் போட்ட இன்னொருவரும் வந்தார், ஜானு மாமி. ரிடையர் ஆன டீச்சர். சிகாகோவில் இருக்கிற மகனிடம் போகிறவர். அன்று காலை இரண்டு பேரும் வரிசையில் முன்னும் பின்னுமாக அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் போனார்கள். கூட வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. எதிர்ப்புறம் நடைபாதையில், மரத்தடியில் என்னைப் போலப் பல கணவர்கள் கைப்பைகளையும் போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஒருவரிடம், உள்ளே இருப்பது அவர்கள், விசாரணை நமக்கு என்று ஒரு ஜோக் சொன்னேன். அவர் இன்னும் தள்ளி உட்கார்ந்தார். அதிகாரிக்கு வயிறு சரியில்லாமல் போக வேண்டும் என்பது அப்போது மறந்தே போயிருந்தது. அவள் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் நிற்பது போலவே கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. என் பாடம், என் மாணவி, என் மனைவி, மூன்றில் எதற்காக எழுந்து எழுந்து உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தாள். கையில் பாஸ்போர்ட் இல்லை. கிடைத்தவர்களிடம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். என் மடியிலிருந்து பையை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

“கெடச்சிருச்சா?”

“ம்.”

“அந்தக் கடைசிக் கேள்வி கேட்டானா?”

“கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

வாயைத் துடைத்துக்கொண்டாள். “வித் போட்டுச் சொன்னேன்” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மதியம் ரயிலில் திரும்பினோம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்து எனக்கும் மாமிக்கும் கொடுத்து, தானும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். நான் மனதுக்குள் பலகையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். எந்த வித்? வித் மை ஹஸ்பண்ட் என்றிருப்பாளா? வித் கிரேட் டிஃபிகல்டி என்று என்னோடு வாழ்வதைச் சொல்லியிருப்பாளா? பலகையில் அதையும் அடுத்த வரியிலேயே எழுதிப் போட்டவன் நான்தான்.

எதிர் இருக்கையிலிருந்து ஜானு மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து மெதுவான குரலில், “உங்காத்துக்காரி என்ன சொன்னான்னு உங்ககிட்ட சொன்னாளோ?” என்றார்.

“இல்ல மாமி.”

“நன்னா இருக்கே. அவா மைக்ல பேசறா, வரிசைல நிக்கற அத்தனை பேர் காதுலயும் விழறது. தமிழ்ல பேசறேளான்னு கேட்டார் அந்தப் பையன். இவ, நோ நோ, இங்கிலீஷ், மை ஹஸ்பண்ட் டீச்சர்ங்கறா. எல்லாத்துக்கும் டக் டக்னு சொல்லிண்டே வந்தா. நீங்க ஏன் இந்தியாவுக்குத் திரும்பி வருவேள்னு கேட்டார் பாருங்கோ, அப்ப தலைப்பை இழுத்து இடுப்புல சொருகிண்டா. அப்புறம் சொல்றா…”

மாமி டீச்சராக இருந்தவர். ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தார். “மை ஹஸ்பண்ட், வித் ஆல் பீப்பிள், ஒன்லி ஜோக். வித் மீ ஒன்லி ஃபைட்டிங். சிக்ஸ் மன்த்ஸ் ஓகே. தென் ஹூ வில் ஃபைட் வித் ஹிம்? ஐ மஸ்ட் கம்.”

“அந்தப் பையன் என்ன பண்ணுனான், மாமி?”

“சிரிக்கலை. அவளையே பார்த்தான். அப்புறம் டைப் பண்ணான். ஹேவ் எ சேஃப் டிரிப் மேடம்னான். எனக்குத்தான் கண்ணுல ஜலம் வந்துடுத்து. எங்காத்து மனுஷர் போயி மூணு வருஷம் ஆறது. எல்லார்கிட்டயும் சள்ளுனு விழுவார். எங்கிட்ட மட்டும் பேசவே மாட்டார்.”

மாமி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில்தான் என் வாயிலிருந்து ஒரு ஜோக் வந்து என்னைக் காப்பாற்றும். அன்று வரவில்லை. வகுப்பில், கடைத்தெருவில், சாவு வீட்டில்கூடச் சிரிக்க வைக்கிறவன் நான். யாரிடமும் கோபப்பட்டதில்லை என்று எனக்கு நல்ல பெயர். கோபம் என்று ஒன்று உண்டு, அது குழாய்க்கும் உப்புக்குமாக ஒரே ஒருத்தியிடம் மட்டும் வெளியே வருகிறது, நான் நானாக இருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான் என்பது எனக்கே தெரியாது. அதை அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அந்நியனிடம், நான் சொல்லிக்கொடுத்த ஒரே வார்த்தையை மூன்று தடவை போட்டுச் சொல்லிவிட்டு வந்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் நெற்றியில் விழுந்தது. ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அங்கேதான் வினை தொடங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு அவளோடு சண்டை வரவில்லை. குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் குடித்துக்கொண்டேன். டிவி ரிமோட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. குழாயை இறுக்கி மூடிவிட்டு, ஒரு சொட்டும் வரவில்லையே என்று நின்று பார்த்தேன். பேசினால் எங்கள் பாஷையிலேயே பேசினேன், மெதுவாக. நான் நல்ல கணவனாக இருக்கிறேன் என்று நினைத்தேன். சூடாமணி என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியவில்லை. ஒருநாள் சாம்பாரில் வேண்டுமென்றே புளியை அள்ளிப் போட்டாள் போலிருக்கிறது. நாக்கு சுருண்டது. நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு நிமிர்ந்தால் அவள் கண் கலங்கி நின்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, பிரஷர், இருதயம் எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பது அவளை இன்னும் பயமுறுத்தியது. மாலை வகுப்பு முடிந்ததும் அழகுபாண்டி மட்டும் போகாமல் நின்றான்.

“சார், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அக்கா என் ஆட்டோவ நிறுத்தி விசாரிச்சாங்க. சார் வகுப்புல நல்லாப் பேசுறாரா, பாதில மறந்துடுறாரான்னு. முகமே சரியில்ல சார் அக்காவுக்கு. டிக்கெட்டத் தள்ளிப் போடச் சொல்லி ஸ்வப்னா பாப்பாகிட்டப் பேசிக்கிட்டு இருக்காங்களாம்.”

கீழே இறங்கிப் போனேன். அவள் ஸ்வப்னாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது, ரிப்போர்ட்டில் வரவில்லை, இப்படியே விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று. மறுமுனையில் மகள் அழுவது கேட்டது. நான் அங்கேயே நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, “இங்க பாரு! வாசல் லைட்ட அணைக்கணும்னு எம்புட்டு தடவ சொல்றது!” என்று தமிழில் கத்தினேன்.

சூடாமணி போனைக் காதிலிருந்து எடுத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நடிக்காதீங்க” என்றாள். “லைட்டு எரியவே இல்ல.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமி சொன்னார், கேட்டேன், அதனால்தான் இப்படி என்று. ஆனால் அதைச் சொன்னால் அவள் என் முன்னால் நிற்கும் ஒவ்வொரு சண்டையிலும் அந்த வாக்கியம் நடுவில் வந்து நிற்கும். அப்புறம் இரண்டு பேருமே நடிக்க வேண்டியதுதான். சொல்லவில்லை. டிக்கெட்டை மாற்றாதே, பிரசவ தேதி காத்திருக்காது என்று மட்டும் சொன்னேன். மாற்றவில்லை. ஆனால் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். போகிற நாள் வரை போவாளா மாட்டாளா என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

புறப்படும் நாள் அழகுபாண்டிதான் ஆட்டோ கொண்டுவந்தான். நண்பகல். ஏர்போர்ட் வாசலில் இறங்கினோம். சூடாமணி கைப்பையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஒரு தடவ யோசிச்சுப் பாக்கலாங்க. அடுத்த வாரம்கூடப் போகலாம்ல” என்று ஆரம்பித்தாள். நான் பெரிய பெட்டியைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. முதல்நாள் நானே எடை போட்டுப் பூட்டிய பெட்டி அது. இப்போது அடியில் ஏதோ உருண்டது.

நடைபாதையிலேயே வைத்துத் திறந்தேன். பேத்தியோ பேரனோ, பிறக்கப் போகிறவருக்காக நான் தேடித் தேடி வாங்கி வைத்த படப் புத்தகங்கள் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில், என் பழைய வேட்டியில் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றி, எங்கள் வீட்டு அம்மியின் குழவி படுத்திருந்தது.

“என்ன இது?”

“குழவி.”

“அது தெரியுது. எதுக்கு?”

“தொட்டில்ல போடுறதுக்கு.”

“அப்ப பிள்ளைய எங்க போடுறது?”

“மொதல்ல குழவியப் போட்டு ஆட்டிட்டுத்தான் பிள்ளையப் போடணும். அதெல்லாம் உங்களுக்கு என்ன தெரியும்? ஸ்வப்னாவுக்குத் தொட்டில் போடுறப்ப நீங்க வாசல்ல நின்னு வந்தவுக போனவுககிட்டயெல்லாம் ஜோக் சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

“அமெரிக்காவுல கல்லே கிடையாதா? தெருவுல ஒண்ணப் பொறுக்கிப் போட்டு ஆட்டு!”

“என் பேரப்பிள்ளைக்கு முன்னாடி கண்ட கல்லையும் தொட்டில்ல போடுவேனா?”

“என் புத்தகம் எங்க?”

“பீரோல இருக்கு. பொறந்த அன்னைக்கே வாசிக்கப் போகுதாக்கும்!”

எனக்குள் எங்கேயோ ஒரு குழாய் திறந்துகொண்டது. அது நடிப்பில்லை. அந்தப் புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் நான் என் பெயரை எழுதியிருந்தேன், பிள்ளையின் பெயருக்கு இடம் விட்டு. அதை எடுத்துப் பீரோவில் போட்டுவிட்டு ஒரு கல்லை வைத்திருக்கிறாள். “நான் வாங்குனதுன்னாலே உனக்கு எளக்காரம்! எந்தக் காலத்துல என் சாமானுக்கு இந்த வீட்டுல எடம் இருந்துச்சு!” என்று கத்தினேன். அவள் அதற்கு மேலே கத்தினாள். தமிழில், நல்ல மதுரைத் தமிழில், வற்றலைக் காக்காய் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து என் தம்பி கல்யாணத்தில் அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்தது வரைக்கும் எல்லாம் வெளியே வந்தது. துப்பாக்கியோடு நின்றிருந்த காவலர் இரண்டடி முன்னால் வந்து, அப்புறம் என்ன நினைத்தாரோ இரண்டடி பின்னால் போனார். ஒரு குடும்பம் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அழகுபாண்டி ஆட்டோவில் சாய்ந்துகொண்டு, பாட்டுக் கச்சேரிக்குத் தலையாட்டுகிறவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூச்சு வாங்கி நிறுத்தியபோது அவள் முகம் சிவந்திருந்தது. கொண்டை அவிழ்ந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் பயம் இல்லை.

குனிந்து குழவியை எடுத்தாள். சுற்றியிருந்த வேட்டியை உருவி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். “வேட்டி பிள்ளைக்கு வேணும். பழசுதான் உறுத்தாது” என்றாள். வெறும் கல்லை என் கையில் கொடுத்தாள். பெட்டியைப் பூட்டினாள். “தம்பி, சாருக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்காரு” என்று அழகுபாண்டியிடம் சொன்னாள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி போனவள் திரும்பி, “மிச்சத்த வந்து வச்சுக்கிறேன்” என்றாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டது.

குழவியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். அவனியாபுரம் வந்ததும் அழகுபாண்டி திரும்பிப் பார்த்தான். அப்புறம், “சார், அந்தக் கல்ல இப்பிடிக் குடுங்க, நான் வேணா முன்னாடி வச்சுக்கிறேன்” என்றான். வேண்டாம் என்றேன்.

ஒருவர் ஊருக்குப் போனால் அவர் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைக் கூட்டக்கூடாது என்பார்கள். கூட்டவில்லை. காலையில் அவள் போட்ட கோலத்தை மிதித்து, பெட்டியைத் தூக்க ஓடி ஓடி வந்து போனதில், வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் கோலமாவில் கால் தடமாகக் கிடந்தது. அதை மிதிக்காமல் சுவரை ஒட்டியே நடந்தேன். குழவியை அம்மியில் வைக்கப் போனேன். ஆளில்லாத அடுப்படியில் அதைத் தனியாக விட மனம் வரவில்லை. மாடிக்குக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் வைத்தேன். மாலையில் வந்தவர்கள் யாரும் அது ஏன் என்று கேட்கவில்லை. அந்த பெஞ்சில் உட்காரவும் இல்லை.

மறுநாள் மாலையும் வகுப்பு. ‘ஃப்ரம்’ எடுக்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. காதில் வைத்தேன். ஸ்வப்னா அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம், அவள் வீட்டில் ஏதோ கதவு சாத்துவது, அப்புறம் சூடாமணி.

“இங்க பாருங்க” என்றாள்.

அதற்குள் தலைக்கு மேலே விமானம் வந்துவிட்டது. தகரம் அதிர்ந்தது. எல்லாப் பேனாவும் நின்றது. அவள் அங்கே எதைப் பற்றியோ உரக்கப் பேசிக்கொண்டே போவது ஒரு இரைச்சலாக மட்டும் காதில் விழுந்தது. வேட்டியா, குழாயா, பீரோவில் இருக்கும் புத்தகமா, தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து கடைசிக்குப் போனேன். ஃபேன் காற்று அங்கே வராது என்றாலும் அந்தக் கல் சில்லென்று இருந்தது. தோளில் கிடந்த துண்டை ஒரு கையால் எடுத்து, கால் தலை தெரியாத அதற்கு எது தலை என்று பார்த்து, சுற்றிவிட்டேன்.